பிரேசல் வேர்ப்: பட்டியலைப் பாடமாக்கியும் வசனத்தில் பிழைக்குது, என்ன வழி?

மல்லாவி மாணவி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஏ.எல். முடிச்சிட்டு கிளிநொச்சியில ஆங்கில வகுப்புக்குப் போறன். பிரேசல் வேர்ப், அதுதான் வினையோட ‘அப்’, ‘ஓஃப்’ மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து வாறது, அதின்ர பட்டியல் ஒண்டைப் பாடமாக்கி வச்சிருக்கிறன். கருத்துக் கேட்டாச் சொல்லுவன், வசனம் எழுதச் சொன்னா பிழைக்குது. மூண்டு இடத்தில விளக்கம் வேணும்.

ஒண்டு: ‘டேர்ன் ஓஃப் த மோட்டர்’, ‘டேர்ன் த மோட்டர் ஓஃப்’ ரெண்டும் சரியாம். ஆனா ‘டேர்ன் ஓஃப் இட்’ பிழையாம். அப்பிடியெண்டா ‘லுக் ஆஃப்டர் இட்’ (அதைப் பாத்துக்கொள்) மட்டும் எப்பிடிச் சரி?

ரெண்டு: ஒரே சோடிச் சொல்லுக்கு நாலைஞ்சு கருத்து வருது. ‘கோ ஓஃப்’ எண்டா அலாரம் அடிக்கிறதாம், லைற் நூருறதும் ‘கோ ஓஃப்’ஆம். இதை எந்த அடிப்படையில பிடிக்கிறது?

மூண்டு: வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதேக்க இதுகளைப் பாவிக்கலாமோ, கூடாதோ?

பரந்தன் சந்தி:

முதல் கேள்விக்கு நான் சொல்லுறன் தங்கச்சி. கருத்துப் பக்கத்துக்கு இங்க ரீச்சர் இருக்கிறா.

‘டேர்ன் ஓஃப்’இல வாற ‘ஓஃப்’ வினைக்குச் சொந்தம். ‘லுக் ஆஃப்டர்’இல வாற ‘ஆஃப்டர்’ தனக்குப் பின்னால வாற பெயருக்குச் சொந்தம், அது முன்னிடைச்சொல். முன்னிடைச்சொல் தன்ர பெயருக்கு முன்னாலதான் நிக்கும். அதால ‘லுக் ஆஃப்டர் த கவ்ஸ்’, ‘லுக் ஆஃப்டர் தெம்’. நடுவில ஒண்டும் புகாது. வினைக்குச் சொந்தமான ‘ஓஃப்’, ‘அப்’, ‘அவுட்’, ‘டவுன்’ மாதிரிச் சொல்லுகள் நகரும். செயப்படுபொருள் சாதாரணப் பெயரெண்டா ரெண்டு பக்கமும் போகலாம். ‘இட்’, ‘தெம்’, ‘ஹிம்’, ‘மி’ மாதிரிப் பிரதிப்பெயரெண்டா கட்டாயம் நடுவில: ‘டேர்ன் இட் ஓஃப்’, ‘புட் தெம் அவுட்’, ‘பிக் மி அப்’.

ஏன் இந்தக் கட்டாயம்? ஆங்கிலம் வசனத்தின்ர கடைசி இடத்தைப் புதுச் செய்திக்கும் பாரமான சொல்லுக்கும் வச்சிருக்கும். ‘இட்’ எண்டது ஏற்கெனவே தெரிஞ்ச பொருள், உச்சரிப்பிலயும் லேசான சொல். அது கடைசியில நிக்கக் காது ஏற்காது. இதே காரணத்தாலதான் செயப்படுபொருள் நீளமா இருந்தா நடுவில வைக்கக் கூடாது. ‘ரெண்டாவது கிணத்தடியில ஓடுற மோட்டரை நிப்பாட்டு’ எண்டு சொல்ல, ‘டேர்ன் ஓஃப்’ ரெண்டையும் சேர்த்துச் சொல்லிப்போட்டு மோட்டரையும் அதின்ர விவரத்தையும் பின்னால விடுங்கோ. நடுவில விட்டா கேக்கிற ஆள் ‘ஓஃப்’ வாறதுக்கிடையில முதல் பாதியை மறந்திடுவார்.

எது நகரும், எது நகராது எண்டு அறிய ஒரு வழி இருக்கு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ. ‘டேர்ன் இட் ஓஃப்’ எண்டேக்க அழுத்தம் ‘ஓஃப்’இல விழும். ‘லுக் அட் இட்’ எண்டேக்க ‘லுக்’இல விழும், ‘அட்’ மெலிஞ்சு போகும். ஆங்கிலச் செய்தி கேக்கேக்க இதைக் கவனிச்சுக்கொண்டு வந்தா ஒரு மாதத்தில காது பழகிடும்.

மாணவருக்கான ஆங்கில அகராதியளில இது நேரடியாவே அச்சடிச்சிருக்கும். வினைக்கும் சின்னச் சொல்லுக்கும் நடுவில ‘சம்திங்’ எண்டோ ‘சம்பொடி’ எண்டோ போட்டிருந்தாப் பிரியும். கடைசியில போட்டிருந்தாப் பிரியாது. சில அகராதியள் ரெண்டு பக்கமும் முனை வச்ச அம்புக்குறி போடும், அதுவும் பிரியும் எண்டதுதான். உங்கட பட்டியலில இந்த அடையாளம் இல்லையெண்டா அந்தப் பட்டியலை விட்டிட்டு அகராதியைத் திறவுங்கோ.

இன்னும் ரெண்டு வகை இருக்கு. செயப்படுபொருளே கேக்காதது: ‘த பம்ப் புரோக் டவுன்’, மெசின் பழுதாப்போச்சு. இதில ‘த பம்ப் இஸ் பிரேக் டவுன்’, ‘த பம்ப் வோஸ் புரோக்கின் டவுன்’ ரெண்டும் பிழை. ‘பழுதாப்போச்சு’ எண்டதை ‘பழுதாக்கப்பட்டது’ மாதிரி நினைச்சு ‘வோஸ்’ போடுறதாலதான் இது வருது. பம்ப் தானா நிண்டது, ஆரும் நிப்பாட்டேல்லை. கதவை உடைச்சுத் திறக்கிறதுக்கும் ‘பிரேக் டவுன்’ வரும். அங்க செயப்படுபொருள் உண்டு, அப்ப ‘த டோர் வோஸ் புரோக்கின் டவுன்’ சரி.

மற்றது மூண்டு சொல் வாறது. ‘ரன் அவுட் ஒவ்’ (முடிஞ்சுபோறது), ‘புட் அப் வித்’ (சகிக்கிறது), ‘லுக் ஃபோர்வர்ட் டு’ (ஆவலா எதிர்பாக்கிறது). இதுகளைப் பெரும்பாலும் பிரிக்கேலாது, பிரதிப்பெயரும் கடைசியிலதான்: ‘புட் அப் வித் இட்’. இதில தமிழ் ஆக்களுக்கு ஒரு தனிச் சிக்கல். “எங்களுக்கு டீசல் முடிஞ்சுபோச்சு” எண்டேக்க ஆள் நான்காம் வேற்றுமையில நிக்கிறார், டீசல்தான் எழுவாய். ஆங்கிலத்தில ஆளை எழுவாயாக்கினா ‘ஒவ்’ வேணும்: ‘வி ரான் அவுட் ஒவ் டீசல்’. டீசலை எழுவாயாக்கினா ‘ஒவ்’ கூடாது: ‘த டீசல் ரான் அவுட்’. ‘த டீசல் ரான் அவுட் ஒவ்’ எண்டு நிப்பாட்டினா வசனம் அந்தரத்தில நிக்கும்.

துணுக்காய் ரீச்சர்:

பிள்ளை, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதல் ஒன்று. 1755இல் தனது ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், பிறமொழிக்காரருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய கஷ்டம் இதுதான் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே கஷ்டமாக இருப்பதை உங்கள் குறையாக எடுக்க வேண்டாம்.

தமிழில் ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. ‘போடு’ வேறு, ‘தள்ளிப்போடு’ வேறு. ‘கொடு’ வேறு, ‘விட்டுக்கொடு’ வேறு. ‘கொள்’, ‘போடு’, ‘விடு’, ‘போ’ என்ற துணைவினைகள் தலைவினையின் கருத்தை எவ்வளவு திருப்புகின்றன என்று யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘அப்’, ‘அவுட்’, ‘ஓஃப்’, ‘டவுன்’ போன்ற சின்னச் சொற்கள். ஆகவே பட்டியலை வினைப்படி அடுக்காமல் சின்னச் சொல்லின்படி அடுக்குங்கள். ‘டேக்’குக்குக் கீழே இருபது எழுதினால் ஒன்றோடொன்று குழம்பும். ‘அப்’புக்குக் கீழே எழுதினால் ஒன்று மற்றதைத் தூக்கிப்பிடிக்கும்.

‘அப்’ பல இடங்களில் “முழுக்க முடிந்துவிட்டது” என்ற கருத்தைத் தரும். கிணறு வற்றிப்போச்சு: ‘த வெல் டிரைட் அப்’. இருந்த பசளை எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டோம்: ‘வி யூஸ்ட் அப் த ஃபேட்டிலைசர்’. தாங்கியை நிரப்பிவிடு: ‘ஃபில் அப் த டாங்க்’. தமிழில் ‘விடு’வும் ‘போச்சு’ம் நிற்கும் இடத்தில் ‘அப்’ நிற்கிறது. ‘அவுட்’ உள்ளே இருந்தது வெளியே வருவது, அல்லது இருந்தது இல்லாமற்போவது. ‘டவுன்’ கீழே வருவது, குறைவது, நின்றுபோவது. ‘ஓஃப்’ ஒன்றிலிருந்து கழன்று விலகுவது.

‘கட்’ என்ற ஒரே வினையை வைத்துப் பாருங்கள். காட்டில் பாலை மரத்தை அடியோடு வெட்டி விழுத்தினால் ‘கட் டவுன்’. விழுந்த மரத்தை விறகாகத் துண்டு போட்டால் ‘கட் அப்’. வெள்ளம் வந்து ஊருக்குப் போகும் பாதை துண்டிக்கப்பட்டால் ‘த வில்லேஜ் வோஸ் கட் ஓஃப்’. சீனியைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொன்னால் ‘கட் டவுன் ஒன் ஷுகர்’. அரிவி வெட்டுக்கு எந்தச் சின்னச் சொல்லும் வேண்டாம், ‘கட் த பாடி’ போதும், ‘ஹாவஸ்ட்’ இன்னும் நல்லது. இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் படமாக வரைந்தால் வகுப்பில் ஒரு பிள்ளையும் மறப்பதில்லை.

எல்லாவற்றையும் இப்படிப் பிரித்து விளக்க முடியாது. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. அதை உடைத்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, முழுதாகத்தான் எடுக்க வேண்டும். வீடு எரிந்து தரைமட்டமானால் ‘பேர்ன் டவுன்’, கடதாசி எரிந்து முடிந்தால் ‘பேர்ன் அப்’. இரண்டும் அழிவுதான். எது நின்ற நிலையிலிருந்து விழுந்தது என்று பார்த்தால் ‘டவுன்’ ஏன் வந்தது என்று தெரியும்.

எங்கள் பிள்ளைகள் அதிகம் தவறவிடும் இடம் தன்வினை, பிறவினை. இதைப் பட்டியல்கள் சொல்லித் தருவதே இல்லை. தமிழில் விளக்கு ‘நூர்ந்தது’, விளக்கை ‘நூர்த்தான்’. ஒரு மெய்யெழுத்தில் வேலை முடிந்துவிடும். ஆங்கிலத்தில் பல இடங்களில் வினையே மாறும், சின்னச் சொல் மட்டும் அப்படியே நிற்கும். நெருப்பு தானாக அணைந்தது, ‘த ஃபயர் வென்ட் அவுட்’. நாங்கள் அணைத்தோம், ‘வி புட் அவுட் த ஃபயர்’. அலாரம் அடித்தது, ‘வென்ட் ஓஃப்’. யாரோ அடிக்கவைத்தார்கள், ‘செட் ஓஃப்’. பிள்ளை வளர்ந்தாள், ‘குரூ அப்’. அம்மம்மா வளர்த்தா, ‘புரோட் அப்’. இதில் ‘மை கிரான்ட்மதர் குரூ மி அப்’ என்று எழுதிவரும் விடைத்தாள்கள் ஏராளம். ‘வளர்’ என்ற ஒரே அடி தமிழில் இரண்டுக்கும் வருவதால்தான் இந்தப் பிழை. மரத்துக்கும் நெல்லுக்கும் ‘அப்’ இல்லாமல் ‘குரோ’ மட்டும் போதும், வளர்ந்தாலும் சரி வளர்த்தாலும் சரி. ஆகவே கொப்பியில் எப்போதும் சோடியாக எழுதுங்கள்: தானாக நடந்தால் எது, ஒருவர் செய்தால் எது.

‘ஃபைன்ட்’, ‘ஃபைன்ட் அவுட்’ இரண்டுக்கும் நாங்கள் ‘கண்டுபிடி’ என்று சொல்லுகிறோம். தொலைந்த திறப்பு கிடைத்தால் ‘ஃபைன்ட்’. ஒரு செய்தியை, காரணத்தை, விலையை அறிந்தால் ‘ஃபைன்ட் அவுட்’. கையில் பிடிக்கக் கூடிய பொருளுக்கு ‘அவுட்’ வராது.

எத்தனை படிப்பது என்று கேட்பீர்கள். 10 கோடிச் சொல் அடங்கிய பிரித்தானிய தேசிய மொழித் தொகுப்பை 2007இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். அதில் பயன்பட்ட பிரேசல் வேர்ப்களில் பாதிக்கு மேல் வெறும் 100 சோடிதான். முதலிடம் ‘கோ ஒன்’, பிறகு ‘கரி அவுட்’, ‘செட் அப்’, ‘பிக் அப்’. 2015இல் கார்னியர், ஷ்மிட் இருவரும் 150ஐ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் அடிக்கடி வரும் கருத்துகளை மட்டும் பொறுக்கினார்கள். சராசரியாக ஏறத்தாழ இரண்டுதான் வந்தது. ஆகவே ‘டேக் ஓஃப்’புக்கு அகராதியில் பத்து இருந்தாலும் சப்பாத்தைக் கழற்றுவது, விமானம் கிளம்புவது என்ற இரண்டோடு தொடங்குங்கள். மற்றவை வாசிப்பில் தாமாக வரும்.

மல்லாவி மாணவி:

ரீச்சர், நூர்ந்தது, நூர்த்தது எண்டு சோடியா எழுதிறது நல்லா விளங்கிட்டுது. நன்றி. ஆனா அலாரம் ‘கோ ஓஃப்’ எண்டா அடிக்குது, லைற் ‘கோ ஓஃப்’ எண்டா நிக்குது. இது இன்னும் இடிக்குது. மற்றது, எங்கட பக்கத்தில எல்லாரும் ‘ஓஃப் த லைற்’ எண்டுதான் சொல்லுவினம். அது பிழையோ?

ஏ9 ஓரம்:

‘ஓஃப்’ எண்டா இருந்த நிலையை விட்டு விலகிறது. லைற்றுக்கு இருந்த நிலை எரியிறது, அதை விட்டா இருட்டு. அலாரத்துக்கு இருந்த நிலை சத்தமில்லாமல் காத்துக்கொண்டு இருக்கிறது, அதை விட்டா சத்தம். பால் பழுதானாலும் ‘த மில்க் வென்ட் ஓஃப்’தான், நல்ல நிலையை விட்டு விலகிட்டுது. எழுவாய் என்ன எண்டு பாருங்கோ, கருத்து அதிலயே இருக்கு.

கண்ணிவெடி அகற்றிற வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையள் வன்னியில கனபேர். அந்த வேலையில இந்தச் சொல்லுகள் துல்லியமா வேணும். ‘த மைன் வென்ட் ஓஃப்’ எண்டா வெடிச்சது, ஆர் காரணம் எண்டு வசனம் சொல்லேல்லை. ‘ஏ கவ் செட் ஓஃப் த மைன்’ எண்டா மாடு மிதிச்சு வெடிச்சது. ‘பிளோ அப்’ ரெண்டு பக்கமும் வரும்: ‘த ட்ரக் பிளூ அப்’, ‘தே பிளூ அப் த பிரிட்ஜ்’. அறிக்கையில ‘த மைன் செட் ஓஃப்’ எண்டு நிப்பாட்டினா கண்ணிவெடி பயணம் வெளிக்கிட்டது எண்ட கருத்துத்தான் வரும். செயப்படுபொருள் இல்லாத ‘செட் ஓஃப்’ எண்டா புறப்படுறது.

‘ஓஃப் த லைற்’ எண்டது “லைற்றை ஓஃப் பண்ணு” எண்ட எங்கட கதையின்ர நேர் ஆங்கிலம். இலங்கை முழுக்கச் சொல்லுவினம், விளங்கும். பரீட்சையிலயும் கடிதத்திலயும் ‘டேர்ன் ஓஃப்’ அல்லது ‘ஸ்விச் ஓஃப்’ எண்டு வினையைப் போடுங்கோ. இப்பிடி உள்ளூரில ஓடுற, வெளியில வேற கருத்தாகிற இன்னும் சிலது இருக்கு.

பஸ்ஸில முறிகண்டியில இறங்கிறதை நாங்கள் ‘கெட் டவுன்’ எண்டுவம். பொது ஆங்கிலத்தில ‘கெட் ஓஃப் த பஸ்’. காரில, ஓட்டோவில இருந்து இறங்கினா ‘கெட் அவுட் ஒவ்’. எழும்பி நிண்டு நடக்கக் கூடிய வாகனத்துக்கு ‘ஒன்’, ‘ஓஃப்’, குனிஞ்சு உள்ள ஏறுறதுக்கு ‘இன்’, ‘அவுட் ஒவ்’. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மேல ஏறி இருக்கிறதால ‘ஒன்’, ‘ஓஃப்’. கொழும்பில இருந்து சாமான் எடுப்பிக்கிறதுக்கும் ‘கெட் டவுன்’ எண்டு சொல்லுவினம், வெளியாருக்கு அது விளங்காது. ‘ஓர்டர்’ எண்டோ ‘பிரிங் இன்’ எண்டோ சொல்லலாம்.

படிப்பு முடிச்சதுக்கு ‘பாஸ் அவுட்’ எண்டு எழுதாதேங்கோ. பொலிஸ், இராணுவப் பயிற்சி முடிச்சு வெளியேறுறதுக்கு அது சரி. மற்ற இடத்தில மயங்கி விழுந்தது எண்டு அர்த்தம். ‘கிராஜுவேட்டட் ஃபுரொம்’ எண்டு எழுதுங்கோ. படிவத்துக்கு ‘ஃபில் இன்’ அல்லது ‘ஃபில் அவுட்’. ‘ஃபில் அப்’ தாங்கிக்கும் வாளிக்கும். ‘கோப் அப் வித்’ எண்டு ஒண்டு இல்லை, ‘கோப் வித்’ (சமாளிக்கிறது) மட்டும்தான்.

முள்ளியவளை வாசகர்:

கடிதக் கேள்விக்கு: பிரேசல் வேர்ப் எல்லாமே பேச்சு வழக்கு எண்டு சொல்லுறது சரியில்லை. ‘கரி அவுட்’, ‘செட் அப்’, ‘போயின்ட் அவுட்’ மூண்டும் அரச அறிக்கையளில தாராளமா வரும். விண்ணப்பத்தில ‘ஐ கரீட் அவுட் ஏ சேர்வே’ எண்டு துணிஞ்சு எழுதலாம். ‘புட் ஓஃப்’க்குப் பதிலா ‘போஸ்ட்போன்’, ‘புட் அப் வித்’க்குப் பதிலா ‘டொலரேட்’, ‘லுக் இன்டு’க்குப் பதிலா ‘இன்வெஸ்டிகேட்’ எழுதினா கடிதம் நிமிந்து நிக்கும். நேர்முகத்தில மாறி. அங்க ‘போஸ்ட்போன்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’ எண்டு கதைச்சா புத்தகத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கிற மாதிரிக் கேக்கும்.

‘புட் ஓஃப்’ தள்ளிப்போடுறது, ‘கோல் ஓஃப்’ ஒரேயடியா நிப்பாட்டுறது. மழைக்குக் கூட்டம் நடக்கேல்லையெண்டு அறிவிக்கேக்க இந்த ரெண்டையும் மாறிப் போட்டா சனம் அடுத்த கிழமை வந்து மண்டபத்தடியில நிக்கும்.

‘லுக் ஃபோர்வர்ட் டு’வில வாற ‘டு’ முன்னிடைச்சொல். அதுக்குப் பின்னால பெயர்தான் வரும், அல்லது ‘இங்’ போட்ட வினை. ‘ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃபுரொம் யூ’. ‘டு ஹியர்’ எண்டு எழுதினது கடிதத்தின்ர கடைசி வரியில கிடந்து கண்ணில குத்தும்.

எழுத்திலயும் கவனம். வினையா வந்தா ரெண்டு சொல், பெயரா வந்தா ஒரு சொல். ‘த லொரி புரோக் டவுன்’இல ரெண்டு, ‘ஏ பிரேக்டவுன்’இல ஒண்டு. பெயரில அழுத்தம் முன்பாதிக்கு மாறும். ‘லொகின்’ பெயர், அதில இறந்தகாலம் பிறக்காது. ‘லொக்ட் இன்’ எண்டு வினைப்பகுதியைத்தான் மாத்த வேணும்.

மல்லாவி மாணவி:

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு வசனம் எழுதியிருக்கிறன், பிழை பாத்துத் தாங்கோ.

‘மை கிரான்ட்மதர் புரோட் மி அப் இன் மல்லாவி.’
‘த வெல் டிரைட் அப், சோ வி கிளீன்ட் அவுட் இட்.’
‘ஐ ஃபவுன்ட் அவுட் மை ஐடென்டிட்டி கார்ட் அன்டர் த பெட்.’
‘வி ரான் அவுட் ஒவ் பெட்ரோல் நியர் மாங்குளம்.’
‘த மீட்டிங் புட் ஓஃப் டு ஃபிரைடே.’

பரந்தன் சந்தி:

முதலாவதும் நாலாவதும் சரி. முதலாவதில ‘மி’யை நடுவில வச்சிருக்கிறியள், நல்லம்.

ரெண்டாவதில முதல் பாதி சரி, பிற்பாதி ‘கிளீன்ட் இட் அவுட்’. ‘அப்’ போடாமல் ‘அவுட்’ போட்டதும் சரிதான். கிணறு இறைச்சுச் சேத்தை வெளியில எடுக்கிறியள்.

மூண்டாவதில ‘அவுட்’டை வெட்டுங்கோ. அடையாள அட்டை கையில பிடிக்கிற பொருள். கட்டிலுக்குக் கீழ கிடக்குது எண்ட சங்கதியை ஆரிட்டையோ கேட்டு அறிஞ்சா மட்டும் ‘ஐ ஃபவுன்ட் அவுட் தட் இட் வோஸ் அன்டர் த பெட்’.

அஞ்சாவதைத்தான் ரெண்டு தரம் வாசிக்க வேணும். ‘புட்’ இறந்தகாலத்திலயும் ‘புட்’தான், அதால பிழை கண்ணுக்குத் தெரியாது. கூட்டம் தன்னைத் தானே தள்ளிப்போடாது, ஆரோ தள்ளிப்போட்டது. ‘புட் ஓஃப்’ செயப்படுபொருள் கேக்கிற வகை. செயப்படுபொருளை எழுவாயாக்கினா செயப்பாட்டுவினை வர வேணும்: ‘த மீட்டிங் வோஸ் புட் ஓஃப் டு ஃபிரைடே’. இதே வசனத்தை ‘தே’ எண்டு தொடங்கி ஒரு தரமும், ‘இட்’டை நடுவில வச்சு ஒரு தரமும் எழுதி இங்கயே போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.